வாசல் எங்கே முடிகிறது? தெருவில் வண்டி நிறுத்துவது பற்றிச் சில குறிப்புகள்

'வாசல்' வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா? பத்திரத்தைப் பார்த்தால் மதில் சுவரோடு வீடு முடிந்துவிடுகிறது. வழக்கத்தைப் பார்த்தால் முடிவதில்லை. விடிகாலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற இடம் பெரும்பாலும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தமான தெருதான். இருந்தாலும் அது 'நம்ம வாசல்'. சட்டத்தில் இல்லாத இந்த 'நம்ம'வுக்குள் ஒரு அளவும் இருந்தது. கோலம் தெருவின் மேல் உரிமை கொண்டாடியதே தவிர யாரையும் மறிக்கவில்லை. பத்து மணிக்குள் காலும் சக்கரமும் பட்டு அது அழிந்துபோகும். (அதைத் தினமும் குனிந்து போடுகிறவள் யார், போட வைப்பது எது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) இன்று அதே இடத்தில் சிமெண்ட் சாய்தளம், பூந்தொட்டி, கருங்கல், சங்கிலி, கடைசியாகக் கார். அழிந்துபோகிற உரிமை அழியாத உரிமையாக மாறியிருக்கிறது. தெருவில் வண்டி நிறுத்துவதைக் கட்டுப்படுத்தலாமா என்று கேட்டால் குடியிருப்போர் சொல்லும் பதில்களை இந்த மாற்றத்தை வைத்துக்கொண்டுதான் படிக்க முடியும்.

முடிச்சூர்ப் பக்கம் வந்தவர்களுக்கு இந்தத் தெருக்கள் தெரியும். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் போனால் இரண்டு பக்கமும் நகர், நகராகப் பிரியும் மனைப்பிரிவுகள். வயலும் ஏரிப் பாசனமும் இருந்த நிலம் மனை போட்டு விற்கப்பட்டபோது தெருவுக்கு 20 அடி, 23 அடி, தாராளமாக விட்டால் 30 அடி. சைக்கிளையும் எப்போதாவது வரும் ஆட்டோவையும் மனதில் வைத்து விட்ட அகலம் அது. ஒரு கார் சுமார் 6 அடி அகலம். 20 அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் மிச்சம் 8 அடி. தண்ணீர் லாரியின் அகலமும் தீயணைப்பு வண்டியின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான். நடுவில் ஒரு மின்கம்பமோ சாய்தளமோ இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

இந்தத் தெருக்களில் கட்டுப்பாடு இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாயில்கதவைப் பாருங்கள். 'நோ பார்க்கிங்', அதன் கீழே 'மீறினால் டயர் காற்று பிடுங்கப்படும்'. தமிழ் படித்தவனுக்கு இந்தச் செயப்பாட்டு வினை சுவாரஸ்யமானது. யார் பிடுங்குவார்? எழுவாய் கிடையாது. 'தண்டிக்கப்படுவர்', 'அகற்றப்படும்' என்று அரசாங்கம் எழுதும் தமிழ் இது. ஆள் மறைந்து அதிகாரம் மட்டும் பேசும் இலக்கணத்தை ஒரு வீட்டுக்காரர் இரவல் வாங்கித் தன் கேட்டில் மாட்டியிருக்கிறார். நேரில் பேசும்போது இலக்கணம் மாறிவிடும்: "யாரைக் கேட்டு இங்க நிறுத்துன? காத்தப் புடுங்கி விட்ருவேன்." ஆக, கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுதியவர், காவல் காப்பவர், தண்டனை தருபவர் எல்லாம் ஒருவரே. 'கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா' என்ற கேள்வியே அதனால் பிழையானது. யார் எழுதும் கட்டுப்பாடு, யாருக்காக என்பதுதான் கேள்வி.

உலகின் பிற ஊர்களில் இது எப்படி வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தெருவில் நிற்கும் நேரத்துக்குக் காசு என்ற எண்ணம் 1935இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நிறுவப்பட்ட முதல் மீட்டரோடு தொடங்குகிறது. வந்தவர் கடை முன்னால் நாள் முழுக்க வண்டியை விட்டுவிட்டுப் போனதால் வியாபாரம் கெட்டது. மீட்டர் வைக்கச் சொன்னது வியாபாரிகளின் தேவை. லண்டனில் 1958இல் மேஃபேர் பகுதியில் மீட்டர் வந்தது. பிறகு அது குடியிருப்புத் தெருக்களுக்கும் பரவிக் 'கட்டுப்பாட்டு வட்டாரம்' ஆனது. குறிப்பிட்ட நேரத்தில் அந்த வட்டாரத்தில் வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டு வேண்டும். அங்கே குடியிருப்பவருக்கு ஆண்டுக் கட்டணத்தில் சீட்டு, விருந்தாளிக்கு ஒருநாள் சீட்டு, மற்றவர் மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டும் அல்லது நிறுத்தவே கூடாது. சீட்டு வைத்திருந்தாலும் உங்கள் வீட்டு முன்னால் இடம் உண்டு என்று உத்தரவாதம் இல்லை. வட்டாரத்துக்குள் எங்காவது கிடைக்கலாம், அவ்வளவுதான். ஜப்பான் வேறு வழியில் போனது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வண்டி வாங்குபவர் அதை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைக் காட்ட வேண்டும்; அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரவில் தெருவில் விட்டுவைக்க முடியாது.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே நிலத்தின் மதிப்பைக் காட்டும்படியாக நிறுத்தக் கட்டணம் இருக்க வேண்டும் என்றது. கொள்கை தாளில் இருந்தது. டெல்லியில் 2019 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், எம்.சி. மேத்தா வழக்கில், நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது, குடியிருப்புப் பகுதியிலும் அதில் வண்டி நிறுத்தக் கூடாது என்று சொன்னது. அதே மாதம் டெல்லி அரசின் வாகன நிறுத்த விதிகளும் அறிவிக்கப்பட்டன. பகுதிவாரியாகத் திட்டம் போட வேண்டும் என்றன அவை. லாஜ்பத் நகரின் ஒரு பகுதியில் முன்னோடி முயற்சியும் நடந்தது. பெங்களூரின் கொள்கை, வீட்டுத் தெருவில் நிறுத்த வண்டியின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை சீட்டுக் கட்டணம் பேசியது. சென்னையில் கட்டணம் பெரும்பாலும் கடைத்தெருக்களோடு நின்றது. 2019இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்ட பிறகு தியாகராய நகரின் உள்தெருக்காரர்கள் சொல்லும் புகார் எல்லா ஊருக்கும் பொதுவானது: ஒரு தெருவில் கட்டுப்பாடு வந்தால் வண்டி அடுத்த தெருவுக்குப் போகும். பிறகு அடுத்த தெருவும் கட்டுப்பாடு கேட்கும். 2025இல் சென்னைப் பெருநகரம் முழுவதற்குமான வாகன நிறுத்தக் கொள்கை ஒன்று, பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் தயாரித்தது, பேச்சுக்கு வந்தது. புதுக் கார் வாங்க நிறுத்துமிடச் சான்று வேண்டும் என்ற ஜப்பானிய யோசனையும் அதில் இருந்ததால் தெருக்களில் கொஞ்சம் கலக்கம்.

இதற்குக் குடியிருப்போர் என்ன சொல்கிறார்கள்? டெல்லியில் சங்கங்கள் சொன்னதும் தாம்பரத்து டீக்கடையில் சொல்லப்படுவதும் அதிகம் வேறுபடவில்லை. "என் வீட்டு வாசல்ல நான் வண்டி நிறுத்த எதுக்குய்யா காசு?" "வண்டி வாங்கும்போதே டாக்ஸ் கட்டியாச்சு." "வெளியாள் வந்து நிறுத்திட்டுப் போறான், அவனைப் புடி."

முதல் பேச்சில் சட்டம் எங்கே நிற்கிறது? நிறுத்துமிடங்களை முடிவு செய்யும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம், 1988, 117ஆம் பிரிவில் மாநில அரசுக்கோ அது அதிகாரம் தரும் அமைப்புக்கோ, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு செய்யும்படி, தருகிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் பொது இடத்தில் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லலாம் என்கிறது 127ஆம் பிரிவு. இதன்படி இரவு முழுக்கத் தெருவில் உறங்கும் கார்களில் பலவும் சட்டத்தின் கருணையில்தான் உறங்குகின்றன. ஒரு வீட்டின் நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. கேட்டில் பலகை மாட்டுபவர் அந்த அளவுக்கு நியாயக்காரர்தான். ஆனால் கேட் இருப்பது பத்து அடி. அவர் உரிமை கேட்பது மதில் சுவரின் முப்பது அடிக்கும். மறிக்கப்படாமல் வெளியே வரும் உரிமை, அடுத்தவரை மறிக்கும் உரிமையாகச் சத்தமில்லாமல் நீட்டப்படுகிறது.

வரிப் பேச்சு இன்னும் நுட்பமானது. கார் வாங்கும்போது கட்டும் வரி மாநில அரசுக்குப் போகிறது. தெருவைப் போடுவதும் பெருக்குவதும் விளக்கு எரிப்பதும் உள்ளாட்சி. அதற்கு வரும் காசில் வீட்டு வரி ஒரு பங்கு. அந்த வீட்டு வரியை வாடகைக்குள் வைத்துக் கட்டுபவர் குடித்தனக்காரர். கார் நிற்கச் சுமார் 130 சதுர அடி வேண்டும். முடிச்சூரில் அந்த 130 சதுர அடியை விலைக்கு வாங்கிப் பாருங்கள், அல்லது அந்த அளவு அறையை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். தெருவில் அது இலவசம். இந்தியக் குடும்பங்களில் கார் உள்ளவை நூற்றுக்கு எட்டு அளவில்தான் என்கிறது 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இருசக்கர வண்டி பாதிக் குடும்பங்களில் இருக்கிறது. தாம்பரம் போன்ற புறநகரில் காரின் பங்கு கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும் கார் இல்லாதவரின் தெருவை எடுத்துக் கார் உள்ளவருக்குத் தரும் மானியம் இது என்பது மாறாது. ரேஷன் அரிசியை 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்கள் தங்கள் இலவசத்தை 'வாசல்' என்று அழைக்கிறார்கள்.

'வெளியாள்' என்ற சொல்லைப் பார்ப்போம். அதிகம் யோசிக்க வேண்டியது இந்தச் சொல்லைப் பற்றித்தான். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் உள்ள தெருக்களில் காலையில் பைக்கை விட்டுவிட்டு மின்சார ரயிலேறும் ஆட்கள் உண்டு. ஸ்டாண்டுக் காசு மிச்சம். அவர்கள் மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டால் 'வெளியாள்' வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன், அவனைப் பார்க்க வரும் நண்பர்கள், இஸ்திரி வண்டிக்காரர், காய்கறித் தள்ளுவண்டி, இரவு சவாரி முடித்துவந்து காரில் தூங்கும் டிரைவர். டூலெட் பலகைகளில் 'பைக் பார்க்கிங் மட்டும்' என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். 'சைவம் மட்டும்' என்ற வரிக்குப் பக்கத்திலேயே பல இடங்களில் அது இருக்கும். பொதுத் தெருவில் இவன் யார் என்று கேட்பது தமிழ்ச் சமூகத்துக்குப் புதிய பழக்கம் இல்லை. பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்ல 1924இல் சென்னைச் சட்டமன்றத் தீர்மானமும் அரசாணையும் தேவைப்பட்டன. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது. செருப்புப் போட்டு நடக்கக் கூடாத, சைக்கிளில் இறங்காமல் போகக் கூடாத தெருக்கள் இன்றும் கிராமங்களிலிருந்து செய்தியாக வருகின்றன. வண்டி நிறுத்தும் சண்டை எல்லாமே சாதிச் சண்டை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெருவை 'எங்க ஆளுங்க தெரு' என்று பார்த்துப் பழகிய கண் இந்தப் பிரச்சினையையும் அதே கண்ணால்தான் பார்க்கும். புதிய சட்டம் ஒன்று 'குடியிருப்போர்' என்ற சொல்லைப் போட்டு அந்தப் பார்வைக்கு முத்திரையும் குத்திக் கொடுத்துவிடக் கூடும்.

ஏனென்றால் அனுமதிச்சீட்டு வேண்டுமென்றால் குடியிருப்பவர் என்று நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? சொத்து வரி ரசீதா, மின்கட்டண அட்டையா, வாடகை ஒப்பந்தமா? நம்மூரில் வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்! மின்சார அட்டை வீட்டுக்காரர் பெயரில். ஆதார் முகவரி சொந்த ஊரில். அந்தத் தெருவில் ஐந்து வருஷமாகத் தினமும் நடக்கிறவர் காகிதத்தில் அங்கே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் காகிதத்தில் இருக்கிறார்.

'குடியிருப்போர் கருத்து' என்று கேட்கப்படுவதும் இப்படித்தான். அதிகாரிகள் கருத்துக் கேட்க வருவது நலச்சங்கங்களிடம். சங்கங்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தப் பகுதியில் வெள்ளத்தின்போதும் அதற்குப் பிறகும் வடிகாலுக்காக மனு எழுதி அலைந்தது அவர்கள்தான். ஆனால் பல சங்கங்களில் உறுப்பினர் என்றால் மனை உரிமையாளர். கூட்டம் ஞாயிறு காலை, பேசுபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். பெண்கள் டீ கொண்டுவருகிறார்கள். இவர்கள் சொன்னது 'பகுதி மக்களின் கருத்து' ஆகிவிடுகிறது. கருத்து முன்னாலேயே எங்கோ இருந்து, கேட்பவர் போய் எடுத்து வருகிறார் என்பது அரசாங்கத்தின் கற்பனை. யாரை எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதில்தான் கருத்து உருவாகிறது. வெளி என்பது காலியாகக் கிடக்கும் பாத்திரமல்ல, சமூக உறவுகள் உற்பத்தி செய்வது என்று 1974இல் எழுதிய ஆன்ரி லெஃபவரைச் சிறுபத்திரிகைகள் நெடுங்காலம் மேற்கோள் காட்டியிருக்கின்றன. வீட்டு வாசலில் பொருத்திப் பார்த்தோமா என்பது சந்தேகம்.

முடிச்சூரில் இன்னொரு தரப்பும் உண்டு, அதை யாரும் கருத்துக் கேட்பதில்லை: தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகள் உயர்ந்தன. தரைத்தளத்தைத் தூண்களின் மேல் வெறுமனே விட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். வீடு உயர உயர, காரை உள்ளே ஏற்றும் சாய்தளம் தெருவுக்குள் நீண்டது, ஓரக் கால்வாயின் மேலேயே. அடுத்த மழைக்குத் தண்ணீர் போக வழியில்லை. வெள்ளத்திலிருந்து தப்ப எடுத்த ஏற்பாடே வெள்ளத்தை அடுத்த வீட்டுக்குத் தள்ளுகிறது. தரைத்தளத்தில் நின்ற கார்தான் முதலில் மூழ்கும் என்பதால் எச்சரிக்கை வந்தவுடன் காரைத் தெருவுக்கோ மேடான சாலைக்கோ கொண்டுபோகிறார்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு எழுந்தது, காவல்துறை மறுத்தது. ஒரு நகரத்தின் நடுத்தர வர்க்கம் தன் வீட்டைவிடக் காருக்குப் பத்திரமான இடம் தேடி மேம்பாலம் ஏறிய காட்சி அது. கேலி செய்யத் தோன்றவில்லை எனக்கு. கடன் தீராத கார் அவற்றில் பாதி இருக்கும்.

அரசாங்கத்துக்கு முடிச்சூரும் பார்க்கிங்கும் சேர்ந்து நினைவுக்கு வந்தது வேறொரு காரணத்துக்காக. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே ஆம்னி பேருந்துகளை ஊருக்குள் விட மாட்டோம் என்றபோது, 'வண்டியை எங்கே நிறுத்துவது' என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். வெளிவட்டச் சாலையோரம், வரதராஜபுரத்தில், சுமார் 5 ஏக்கரில், 40 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகள் நிற்க இடம் கட்டி 2024 டிசம்பரில் திறந்தார்கள். முடிச்சூர் ஆம்னி பேருந்து நிறுத்துமிடம் என்பது அதற்குப் பெயர். கட்டியது தவறென்று சொல்ல மாட்டேன், இல்லாவிட்டால் அவை நம் தெருக்களின் முனையில் நின்றிருக்கும். எண்ணிக்கையும் சங்கமும் வழக்கறிஞரும் உள்ளவர்கள் கேட்டால் நிறுத்துமிடம் கிடைக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே இடதுசாரி நண்பர்களின் ஆட்சேபணை ஒன்று உண்டு. தெருவுக்கு விலை வைப்பது தெருவைச் சரக்காக்குவது. இன்று காருக்குக் காசு, நாளை தள்ளுவண்டிக்கு, மறுநாள் உட்காருவதற்கு. பயம் நியாயமானது. ஒப்பந்தக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கும் இடங்களில் நடப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இலவச நிறுத்தம் தெருவைச் சரக்காகாமல் காக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. அது ஏற்கெனவே சரக்கு. 'வாசலில் கார் நிறுத்தலாம்' என்று சொல்லி மனை விற்கிறார்கள், வாடகை கூட்டுகிறார்கள். காரின் சமூகக் கருத்தியல் பற்றி 1973இல் எழுதிய ஆந்த்ரே கோர்ஸ், அது கடற்கரை மாளிகையைப் போன்றது, எல்லோருக்கும் கிடைத்தால் யாருக்கும் பயன்படாது என்று வாதிட்டார். தனியார் காருக்குப் பொதுநிலத்தை இலவசமாகத் தருவது சோசலிசத்தில் சேர்த்தி இல்லை.

எனவே கட்டணம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் இப்போது பேசப்படும் வடிவத்தில் அல்ல. சிக்கலான ஆள் ஒருவர் இருக்கிறார், அவரை வைத்துத்தான் எந்தத் திட்டத்தையும் சோதிக்க வேண்டும்: கடனில் கார் வாங்கி வாடகை ஓட்டும் டிரைவர். குடியிருப்பது வாடகை வீட்டு ஒற்றை அறையில். நிறுத்துமிடச் சான்று கேட்டால் அவரால் காரே வாங்க முடியாது. இரண்டு கார் வைத்திருக்கும் மாடிவீட்டுக்காரருக்குச் சான்று ஒரு காகிதம். ஆண்டுக் கட்டணம் சமமாக இருந்தால் அவர் தருவது ஒரு வாரச் சம்பாத்தியம். ஆகவே முதல் கார், பிழைப்புக் கார், இரண்டாவது கார் எல்லாம் ஒன்றல்ல என்று விதி சொல்ல வேண்டும். இருசக்கர வண்டியையும் தள்ளுவண்டியையும் இதில் இழுக்கக் கூடாது. வசூலாகும் காசு அந்தத் தெருவின் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் போவது தெரிய வேண்டும். வசூலை அந்தந்தப் பகுதிக்கே திருப்ப வேண்டும் என்பது, 2005இல் இலவச நிறுத்தத்தின் விலை பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய டொனால்ட் ஷூப் பல ஆண்டுகள் வலியுறுத்தியது. அவருடைய சந்தை நம்பிக்கை எனக்கு இல்லை, இந்த ஒரு யோசனை நல்லது.

எங்கே முடிவு செய்வது? 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேரவில்லை, ஊராட்சியாகவே நின்றது. சேர்த்துவிடும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. சேர்ந்தால் மதிப்புக் கூடும் என்று மனை வைத்திருப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள். ஊராட்சிக்கு ஒரு வசதி உண்டு, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை: கிராம சபை. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி அதில் உட்காரத் தகுதி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது. மனைப் பத்திரம் தேவையில்லை, சங்கச் சந்தா தேவையில்லை, காரும் தேவையில்லை. குடித்தனக்காரர் பெயரை இங்கே மாற்றிக்கொண்டிருந்தால் போதும். குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் கூடும் அந்தச் சபையில் பொருள் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கலாம்: ஊராட்சித் தெருக்களின் அகலத்தை அளந்து, எந்தத் தெருவில் எந்தப் பக்கம் வண்டி நிற்கலாம், எங்கே தண்ணீர் லாரி திரும்ப வேண்டும், எந்தச் சாய்தளம் கால்வாயின் மேல் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும் என்று. கட்டணம் பற்றிய விவாதம் அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு நடக்கலாம். மே தினக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அளவு நாடா ஒன்று எடுத்துப்போவது நல்லது. தெருவின் அகலம் மனைப் பத்திரத்தில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருக்கும்.